உருகும் முன்பா, உருகிய பின்பா?

வாசகர் கேள்வி பதில்

விருந்துக்குப் பின் பரிமாறும் இனிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, உறைந்த பெர்ரிப் பழங்கள் கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, மீதிப் பாதி வேலை என்ன என்று கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே இந்த மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அரைக் கிலோ உறைந்த கலவைப் பெர்ரி வாங்கி வந்து, விருந்தினர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி வைத்தேன். பாக்கெட்டின் மேல் படத்தில் முத்து முத்தாக இருந்த பழங்கள், பரிமாறும் நேரத்தில் துவண்டு கூழாகி, கிண்ணத்தின் அடியில் சிவப்பு நீர் தேங்கி நின்றது. பழம் கெட்டிருந்ததா, என் பிழையா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பழமும் கெடவில்லை, உங்கள் கையிலும் பிழையில்லை, உறைந்த பழத்தைப் புதுப் பழமாக எண்ணிக் கிண்ணத்தில் வைத்ததுதான் சிக்கல். ஸ்ட்ராபெர்ரியின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துவிடுவதால், உள்ளே உருவாகும் பனிக்கட்டி ஊசிகள் பழத்தின் நுண்ணறைச் சுவர்களைக் குத்திக் கிழித்துவிடுகின்றன. உறைந்திருக்கும் வரை அந்தப் பனிக்கட்டியே எலும்பாக நின்று பழத்தின் உருவத்தைத் தாங்குகிறது. உருகியதும் தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் பழம் துவண்டு, சாறு வெளியே ஓடிவிடுகிறது. தொழிற்சாலைகளில் மிகக் குளிர்ந்த காற்றைப் பாய்ச்சி ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக, விரைவாக உறைய வைப்பதால் ஊசிகள் சிறியவையாக இருக்கும். வீட்டு ஃப்ரீசரில் பழம் மெதுவாக உறைவதால் அவை பெரிதாகிச் சேதமும் கூடும். எங்கே உறைந்ததானாலும், உருகிய பழம் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே உறைந்த பெர்ரியை நான் இரண்டு வேறு பண்டங்களாகவே கருதுகிறேன். உறைந்த நிலையில் அது சின்னச் சின்னப் பழ ஐஸ். முழுவதும் உருகிய நிலையில் அது சாறும் சதையும் கலந்த ஒரு குழம்பு. இந்த இரண்டில் எதையாவது ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு பரிமாறலாம். இரண்டுக்கும் நடுவில், பாதி உருகி வெளியே தொளதொளவென்றும் உள்ளே கடுக்கென்றும் இருக்கும்போது மேசைக்குக் கொண்டுவருவதுதான் கூடாது.

அன்று உங்களுக்கு நேர்ந்ததைச் சரிசெய்யவும் வழி இருந்தது. கிண்ணத்தில் இருந்ததை வடிகட்டியில் ஊற்றி, இறங்கிய சாற்றை மட்டும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையுடன் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகில் படியும் அளவுக்குச் சுண்டியதும் பழத்தை அதில் சேர்த்து ஒரு நிமிடம் கொதிக்க வைத்து இறக்கியிருக்கலாம். ஏன் அந்த ஒரு நிமிடம் என்பதைக் கீழே மூன்றாவது பதிலில் சொல்கிறேன். ஆறியதும் வெனிலா ஐஸ்கிரீமின் மேலோ, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் சர்க்கரை சேர்த்து அடித்து அதன் மேலோ ஊற்றினால், தேங்கி நின்ற அதே சிவப்பு நீர்தான் கிண்ணத்தின் அழகாகிவிடும். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் வேண்டாம். புளி வைக்கக் கூடாத பாத்திரத்தில் பெர்ரியும் வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தைத் தின்று, சுவையையும் நிறத்தையும் கெடுத்துவிடும்.

கேள்வி: உறைந்தபடியே பரிமாறலாம் என்கிறார்கள். பல் கூசாதா? கல்லைக் கடிப்பதுபோல் இருக்காதா?
— வாசகர், சென்னை

பதில்: வெறுமனே கொடுத்தால் இருக்கும். சூடான ஒன்றை மேலே ஊற்றிக் கொடுத்தால் இருக்காது. இதைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் பின்லாந்து. அந்த நாட்டில் நிலம் யாருடையதானாலும் காட்டுப் பெர்ரியைப் பறித்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு; கோடையின் பின்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் பறித்து வந்ததை வீட்டு ஃப்ரீசரில் நிரப்பி, நீண்ட குளிர்காலம் முழுவதும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். உறைந்த கிரான்பெர்ரியைக் கிண்ணத்தில் போட்டு, சர்க்கரையும் கிரீமும் சேர்த்துக் காய்ச்சிய கினுஸ்கி என்னும் பழுப்பு நிறப் பாகைச் சுடச்சுட அதன் மேல் ஊற்றித் தருவது அங்கே பழகிப்போன இனிப்பு. சூடான பாகு பட்டதும் பழத்தின் மேல்தோல் மட்டும் இளகுகிறது, உள்ளே குளிர் அப்படியே நிற்கிறது. பழத்தின் குளிர்ச்சியால் பாகும் இறுகி அதைச் சுற்றி மெல்லிய போர்வையாகப் படிகிறது. வாயில் போட்டால் முதலில் இனிப்பு, அடுத்துப் புளிப்பு, கடைசியில் சில்லென்ற ஒரு நொறுக்கு.

இதே முறையில் வெள்ளை சாக்லேட்டை உருக்கி ஊற்றுவது லண்டனின் தி ஐவி உணவகத்தால் பெயர்பெற்றது. வீட்டில் செய்ய எளிதானதும் அதுதான். ஆறு பேருக்கு உறைந்த பெர்ரி 500 கிராம், வெள்ளை சாக்லேட் 200 கிராம், ஃப்ரெஷ் கிரீம் 150 மி.லி. போதும். அடியில் கொதிக்கும் நீர் தொடாதபடி மேலே ஒரு பாத்திரத்தை வைத்து, சாக்லேட்டையும் கிரீமையும் சேர்த்து மெல்லக் கிளறிக் கரைக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் வெள்ளை சாக்லேட் கண்ணிமைக்கும் நேரத்தில் அடிபிடித்துக் கட்டி கட்டியாகிவிடும். பெர்ரியை அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். பழத்தின் மேல் பூத்திருக்கும் வெண்பனி மெல்ல மறைந்து, அடியிலுள்ள நிறம் ஈரத்தோடு பளபளக்கத் தொடங்கும் நேரம் ஒன்று வரும். அப்போது தட்டை மேசைக்குக் கொண்டுபோய், எல்லோர் கண்முன்னும் சாஸை ஊற்றுங்கள். சமையலறையிலேயே ஊற்றி எடுத்து வந்தால் பாதி சுவை வழியிலேயே போய்விடும்.

ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி, கிரான்பெர்ரி போன்ற சிறு பழங்களுக்குத்தான் இந்த முறை. முழு ஸ்ட்ராபெர்ரி நீங்கள் அஞ்சியதுபோல் கல்தான். அதைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, கத்தி இறங்கும் பதம் வந்ததும் மெல்லிய வில்லைகளாக நறுக்கிச் சேர்க்கலாம்.

வெள்ளை சாக்லேட் சிலருக்குத் திகட்டும், எனக்கும் திகட்டும். நான் பெரும்பாலும் கருப்பட்டியைத்தான் நாடுகிறேன். 150 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும் வரை காய்ச்சி இறக்கி, கொதி முற்றிலும் அடங்கிய பிறகு 100 மி.லி. கிரீமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் நம் ஊர்க் கினுஸ்கி தயார். கொதிக்கும் பாகில் கிரீமை விட்டால் திரிந்துபோகும். அந்தப் பொறுமை மட்டும் வேண்டும்.

கேள்வி: உறைந்த பழத்தில் கிருமி இருக்காது, குளிரில் எல்லாம் செத்துவிடும் என்கிறாள் மருமகள். பேரக் குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்கலாமா?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் ஐயம் சரியானது. குளிர் கிருமிகளை உறங்க வைக்கும், கொல்லாது. சில வைரஸ்களை நெடுநாள் பாதுகாத்தும் வைக்கும். ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் 2012ஆம் ஆண்டு சுமார் 11,000 பேர் வாந்தி பேதியால் அவதிப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிகளில் உணவு உண்ட பிள்ளைகள். சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ராபெர்ரியில் இருந்த நோரோ வைரஸே காரணம் என்று கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் பல நாடுகளில் உறைந்த பெர்ரி வழியாக ஹெப்படைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை பரவியது. இறக்குமதியான உறைந்த பெர்ரியை ஒரு நிமிடம் கொதிக்க வைத்த பிறகே உண்ண வேண்டும் என்பது அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் அறிவுரை.

மேலே சொன்ன சூடான சாஸ் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அது பழத்தின் உட்பகுதியைச் சூடாக்குவதே இல்லை. ஆகவே குழந்தைகள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் நான் ஒரு சுற்றுவழியைக் கையாள்கிறேன். பழத்தைச் சிறிது சர்க்கரையுடன் நன்றாகக் கொதி வந்த பின் ஒரு நிமிடம் கிளறிவிட்டு, ஆறவைத்து, அகலத் தட்டில் ஊற்றி மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை முள்கரண்டியால் கீறிவிட்டால், மூன்று நான்கு மணி நேரத்தில் சிவந்த பனித்தூளாகிவிடும். அதன் மேல் கருப்பட்டிச் சாஸை ஊற்றிக் கொடுத்தால், பழம் முழுதாக இல்லையே என்று எந்தப் பேரப் பிள்ளையும் கேட்பதில்லை. பாக்கெட்டில், சமைத்து உண்ணவும் என்று அச்சிட்டிருந்தால் பெரியவர்களும் அதை மீற வேண்டாம்.

கேள்வி: சேமியாப் பாயசம் இறக்கும் நேரத்தில் உறைந்த ஸ்ட்ராபெர்ரியைப் போட்டேன். பாயசம் திரிந்து பன்னீர் போலாகிவிட்டது.
— வாசகி, திருச்சி

பதில்: சூடான பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று, பெர்ரிகள் யாவும் புளிப்பானவை. பாயசத்தை முழுதும் ஆறவைத்துக் குளிரவையுங்கள். பழத்தைச் சர்க்கரையோடு தனியே கொதிக்கவைத்து அதையும் குளிரவைத்து, கண்ணாடித் தம்ளரின் அடியில் இரண்டு கரண்டி ஊற்றி, அதன் மேல் பாயசத்தைக் கரண்டியின் முதுகு வழியே மெல்ல வழியவிடுங்கள். உண்பவர் கலக்கிக்கொள்ளட்டும். ரவா கேசரியில் பால் சேர்க்காவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பழக்கூழை நேராகச் சேர்த்துக் கிளறலாம், கேசரிப் பவுடருக்கும் வேலையில்லை.

கேள்வி: ஹாம்பர்க் நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே உறைந்த பெர்ரியில் செய்த ஒரு சிவப்புக் கஞ்சியைப் பால் ஊற்றிச் சாப்பிடுவதாகவும், அது நம் ஜவ்வரிசிப் பாயசத்துக்குத் தூரத்து உறவு போல இருப்பதாகவும் சொல்கிறான். அது என்ன?
— வாசகர், சேலம்

பதில்: ஜவ்வரிசி விளையும் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. விளையும் என்று சொல்லக் கூடாதுதான். மரவள்ளி விளைகிறது, ஜவ்வரிசி உருள்கிறது. உங்கள் மகன் சொல்வது ரோட்ட க்ரூட்ஸ. ரோட்ட என்றால் சிவப்பு, க்ரூட்ஸ என்றால் குருணை. செந்திராட்சை போலக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ரெட்கரண்ட் என்ற பழத்தையும் ராஸ்பெர்ரியையும் வேகவைத்து, தானியக் குருணையோ ஜவ்வரிசியோ சேர்த்துக் கெட்டியாக்கி, குளிரவைத்துப் பாலோ கிரீமோ வெனிலாச் சாஸோ ஊற்றி உண்பது வட ஜெர்மனியின் வழக்கம். இப்போது பல வீடுகளில் குருணைக்குப் பதில் மாவைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். எல்லைக்கு அப்பால் டென்மார்க்கிலும் இதே பண்டம் உண்டு; அதன் டேனிஷ் பெயரைப் பிழையில்லாமல் உச்சரிக்கச் சொல்லி வெளிநாட்டவரைக் கிண்டல் செய்வது அங்கே ஒரு பொழுதுபோக்கு. வாழைப்பழம் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லச் சொல்லி நாம் செய்வதில்லையா, அதுபோல.

உறைந்த பெர்ரிக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. உருகினால் சாறு விடும் என்பது மற்ற இடங்களில் குறை. இங்கே அந்தச் சாறுதான் பண்டம். கொதிக்க வைத்தே செய்வதால் மதுரை வாசகியின் கவலைக்கும் இடமில்லை.

செய்முறை இது. மாவு ஜவ்வரிசி வேண்டாம். வெந்ததும் கண்ணாடி போல நிற்கும் நைலான் ஜவ்வரிசி 50 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைத்து, 400 மி.லி. நீரில் நடுவே வெள்ளைப் புள்ளி மறையும் வரை வேகவையுங்கள். அதற்கு முன் பழத்தைச் சேர்த்துவிடாதீர்கள். புளிப்பில் நெடுநேரம் கொதித்தால் மாவுச்சத்தின் பிடிமானம் தளர்ந்து, ஆறிய பிறகும் கஞ்சி நீர்த்தே இருக்கும். ஜவ்வரிசி வெந்ததும் 100 கிராம் சர்க்கரை, அதன்பின் 500 கிராம் உறைந்த பெர்ரியை ஃப்ரீசரிலிருந்து எடுத்தபடியே கொட்டுங்கள். கொதி சட்டென்று அடங்கிவிடும். மறுபடி நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் ஆனதும் இறக்குங்கள். ரெட்கரண்ட் நமக்குக் கிடைக்காது என்பதால் அதன் புளிப்பை ஈடுகட்ட அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சூட்டில் இது தண்ணீராகத் தெரியும், அஞ்ச வேண்டாம். நான்கு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் கரண்டியில் தயங்கி விழும் பதத்துக்கு வந்துவிடும். குளிர்ந்த கஞ்சியின் மேல் குளிர்ந்த பாலைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டும் குளிர்ந்திருந்தால் உடனே திரியாது; சிவப்பில் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடும். தேங்காய்ப் பால் ஊற்றியும் பார்த்தேன். ஜெர்மானியர்கள் என்ன சொல்வார்களோ, எனக்குப் பசும்பாலைவிட அதுவே பிடித்திருந்தது.

கேள்வி: உறைந்த ப்ளூபெர்ரி சேர்த்துச் சுட்ட கப் கேக்கின் உட்புறம் பச்சையாக இருந்தது. பூஞ்சை என்று எறிந்துவிட்டேன்.
— வாசகி, புதுச்சேரி

பதில்: எறிந்திருக்க வேண்டாம். சங்குப்பூத் தேநீரில் எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகிறதல்லவா? அதே வகை நிறமிதான் ப்ளூபெர்ரியிலும் இருக்கிறது; புளிப்பில் சிவக்கும், சோடா உப்பின் காரத்தில் நீலமும் பச்சையுமாக மாறும். சோடாவைக் குறைத்து, பாலுக்குப் பதில் மோர் சேர்த்தால் நிறம் நிற்கும். பழத்தை உருகவிடாமல், ஒரு கரண்டி மைதாவில் புரட்டி, மாவைக் கலந்து முடித்த பின் கடைசியாகச் சேர்த்து இரண்டே சுற்றுக் கிளறுங்கள். குளிர்ந்த பழம் மாவையும் குளிர்விக்கும் என்பதால் வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டியிருக்கும்.

கேள்வி: இங்கே ஜூன் மாதத்தில் தோட்டத்துக்கே போய் நாங்கள் பறித்து, கழுவி, உறைய வைத்த ஸ்ட்ராபெர்ரி நான்கு பை நிறைய இருக்கிறது. மெஷின் இல்லாமல் ஐஸ்கிரீம் செய்ய முடியுமா?
— வாசகி, டொரொண்டோ

பதில்: முடியும். ஐஸ்கிரீம் மெஷின் செய்வது குளிரவைப்பதும் கடைவதும். குளிரவைக்கும் வேலையை உங்கள் ஃப்ரீசர் ஏற்கெனவே முடித்துவிட்டது. 400 கிராம் ஸ்ட்ராபெர்ரியைப் பத்து நிமிடம் வெளியே வைத்து நறுக்கி, 150 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 100 மி.லி. குளிர்ந்த கிரீம் அல்லது கட்டித் தயிருடன் ஃபுட் பிராசஸரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முதலில் மணல் மணலாக உதிரும், பிறகு சட்டென்று ஒன்றுகூடி வழுவழுப்பாகும். அந்த நொடியே நிறுத்தி உடனே பரிமாறிவிடுங்கள். மீண்டும் உறைய வைத்தால், இடையில் கடைவார் இல்லாததால், பாறையாகிவிடும்.

ஃபுட் பிராசஸர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவசரத்தில் ஒரு நாள் உறைந்த பழத்தை அப்படியே மிக்ஸியின் சட்னி ஜாரில் போட்டு ஓட்டினேன். கடகடவென்ற ஒலியோடு ரப்பர் கருகும் வாசனை வந்தது. ஜாரைத் தூக்கிப் பார்த்தால் கப்ளரின் பற்கள் மூன்று உடைந்து கிடந்தன. அன்றைய விருந்தில் ஸ்ட்ராபெர்ரி ஜூஸ் கொடுத்துச் சமாளித்தேன்.

கேள்வி: கேக்கின் வெள்ளைக் கிரீமின் மேல் உறைந்த ராஸ்பெர்ரி வைத்தால் சாயம் இறங்குகிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: இறங்கத்தான் செய்யும். கேக்கை வெட்டும் நேரத்தில் உறைந்தபடியே எடுத்து வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் தட்டு காலியாகிவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்வெட்டு அதிகம். கடையில் வாங்கும் பாக்கெட் ஒழுங்காகக் குளிரில் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, விருதுநகர்

பதில்: கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். பழங்கள் கோலிக்குண்டு போலத் தனித்தனியே உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக, செங்கல்போல இருந்தால் அது ஒரு முறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே பனித்தூள் மிகுதியாகப் படிந்திருந்தாலும் ஐயப்பட வேண்டியதுதான். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும்.

கேள்வி: இறக்குமதிப் பழம் விலை கட்டுப்படியாகவில்லை. நாவல் பழத்தை இப்படி உறைய வைத்துப் பயன்படுத்தலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக. விலைக்காக மட்டுமல்ல, சுவைக்காகவும் அதைச் செய்யலாம். ஆடி மாதத்தை ஒட்டிக் கூடை கூடையாக வரும்போது நன்கு பழுத்ததாகப் பார்த்து வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டையைச் சுற்றிச் சதையை வழித்தெடுத்துவிட வேண்டும். கொட்டையோடு உறைய வைத்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. சதையைத் தட்டில் சிறு சிறு வில்லைகளாக வைத்து உறையவிட்டு, கெட்டியானதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். ராஸ்பெர்ரிக்குப் புளிப்பு எப்படியோ, நாவலுக்குத் துவர்ப்பு அப்படி. ஆகவே வெள்ளை சாக்லேட்டோடு இது சேராது. கருப்பட்டிச் சாஸும் ஒரு சிட்டிகை உப்பும் சேரும். தொங்கவிட்ட தயிரில் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து அடித்து, பரிமாறும்போது உறைந்த நாவல் வில்லையைத் துருவியில் சீவி அதன் மேல் தூவினால், வெள்ளையில் ஊதாப் பனி விழுந்ததுபோல் இருக்கும். நாக்கும் ஊதாவாகும் என்பதை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளை வேட்டியில் வருபவர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.